‘நம்ம நாய்க்கு ஒரே ஒரு தடவை குட்டி போட வைக்கலாமா?’ - சரி சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியவை

எந்தக் கால்நடை மருத்துவமனை வாசலிலும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். “இவளுக்கு ரெண்டு வயசாச்சு டாக்டர். ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாமே?” வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் நேரடியாகவே வரும்: “மூணு வயசு லேப், ஆண். ஜோடி தேவை. வேளச்சேரி பக்கம்னா நல்லது.” கூடவே, நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கும் ஒரு போட்டோ.

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காகக் கேட்பதில்லை. நாய் மீது இருக்கும் பாசம்தான் காரணம். அவளைப் போலவே இன்னொன்று வேண்டும், அவளும் தாய்மையை அனுபவிக்கட்டும், பிள்ளைகள் குட்டி பிறப்பதைப் பார்க்கட்டும் என்றெல்லாம் ஆசை. ஆனால் அந்த முடிவு உங்கள் நாயோடு முடிவதில்லை. பிறக்கப்போகிற ஏழெட்டு நாய்களின் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களையும் சேர்த்துத்தான் நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

‘ஒரு தடவையாவது’ என்ற நம்பிக்கை

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். பெண் நாய் ஒரு முறை குட்டி போட்டால்தான் ஆரோக்கியமாக இருக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ‘பையோமெட்ரா’ வராது என்று சொல்வார்கள். குட்டி போட்ட நாய்களுக்கும் அது வரும். பருவம் முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதத்தில் நாய் சோர்ந்து, சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அதைத் தடுக்க நிச்சயமான வழி கருத்தடை அறுவை சிகிச்சை. அதை எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்தது. பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. கேட்டு முடிவு செய்யுங்கள்.

“ஆம்பள நாயை ஒரு தடவை விட்டா அடங்கிடும்” என்பது இன்னொன்று. அடங்காது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்தால் கேட்டைத் தாண்ட அதற்கு இப்போது கூடுதலாக ஒரு காரணம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

தாய்மை ஏக்கம் என்பதும் நாம் நாய் மீது ஏற்றிப் பார்ப்பதுதான். குட்டி போடாமலே போனதற்காக எந்த நாயும் வருந்துவதாகத் தெரியவில்லை. பருவத்துக்குப் பிறகு சில பெண் நாய்கள் பொம்மையை இழுத்து வந்து அணைத்துக்கொண்டு, பால்கூடச் சுரக்கும். பார்த்தால் மனசு உருகும். ஆனால் அது ஹார்மோன் செய்கிற ‘பொய்ச் சினை’. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானே சரியாகிவிடும்.

முதலில் வீடுகளை எண்ணுங்கள்

எல்லோரும் ஜோடி தேடுவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வேன், கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு லேப்ரடார் ஒரு ஈற்றில் சாதாரணமாக ஆறிலிருந்து எட்டுக் குட்டி போடும். பத்தைத் தாண்டுவதும் அபூர்வம் இல்லை. எட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள். ஆண் நாயின் உரிமையாளர் கட்டணத்துக்குப் பதில் ஒரு குட்டி கேட்பார். நம் ஊர் வழக்கம் அது. மீதி ஆறு?

“ஆபீஸ்லயே நாலு பேர் கேட்டிருக்காங்க” என்பீர்கள். கேட்டவர்களுக்கு இப்போதே போன் போட்டுப் பாருங்கள். வாடகை வீடா, ஓனருக்குச் சம்மதமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அடுத்த வருடம் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றல் வருமா, மாமியாருக்கு நாய் பிடிக்குமா, மாதாமாதம் தீனிக்கும் தடுப்பூசிக்கும் செலவு செய்வார்களா? நாலு பேரில் ஒருவர் மிஞ்சினால் ஆச்சரியம். குட்டிகள் கண் திறக்காத நிலையில் போட்டோ பார்த்து “எனக்கு ஒண்ணு” என்று இதயம் போட்டவர்கள், எட்டாவது வாரம் “இப்ப சூழ்நிலை சரியில்ல மச்சி” என்பார்கள். குட்டிகளோ அதற்குள் சோபாவைக் கடிக்க ஆரம்பித்திருக்கும்.

வீடு கிடைக்காத குட்டி என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். காப்பகங்களில் இடம் இல்லை. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஹோட்டல் பக்கம் காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ப்பு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. வண்டியைக் கண்டால் ஒதுங்கத் தெரியாது, மற்ற நாய்களின் எல்லை புரியாது. இப்படிப் பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு டீ, வடை காசு. அதனால் சட்டம் தடுக்கும் என்று இருக்க முடியாது. குட்டிகளைப் பிறக்க வைப்பவர்தான் பொறுப்பெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கணக்கு இப்படி: சம்மதம் உறுதியான வீடுகள் ஆறாவது கையில் இருக்க வேண்டும். அவர்களில் யாராவது பின்வாங்கினால், எந்த வயதிலும் அந்த நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள உங்கள் வீட்டில் இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் மீதி எதையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயை இணை சேர்க்கக் கூடாது. இணை சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்து ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

“நாங்க கென்னல் நடத்தலையே, வீட்டுல ஒரே ஒரு தடவைதானே” என்று சொல்வது வழக்கம். காசு வாங்கிக் குட்டி கொடுப்பதாக இருந்தால், விதி உங்களுக்கும் பொருந்துமா என்று தமிழ்நாடு விலங்கு நல வாரியத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2024-இல் தமிழ்நாடு அரசும் தனியாக ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்ற நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதற்கு அது தடை சொன்னது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உங்கள் நாய் அப்படிப்பட்ட இனம் என்றால் இன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள். சென்னையின் மே மாத மதியத்தில் ஒரு ஹஸ்கி மூச்சு வாங்குவதைப் பார்த்த யாருக்கும் அதன் குட்டிகளை இங்கே பிறக்க வைக்க மனசு வரக் கூடாது என்பது என் கருத்து.

‘நல்லாத்தானே இருக்கா, எதுக்கு டெஸ்ட்?’

ஓடுகிறாள், சாப்பிடுகிறாள், ரோமம் பளபளக்கிறது. இது உங்கள் நாய் இன்று ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம். குட்டிகளுக்கு என்ன கடத்தப்போகிறாள் என்பதை இது காட்டாது.

லேப்ரடார்களுக்கு வரும் ஒரு பரம்பரைக் கண் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரை மெதுவாகச் சிதைந்து, நடு வயதில் பார்வை போகும். அதற்கான பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. கடைசி வரை நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு ‘நல்ல’ நாய்களைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குருடாவதற்கு. இதை எந்தக் கண்ணாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மரபணுப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படித்தான். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், ராட்வீலர் எல்லாவற்றிலும் உண்டு. கிண்ணத்தில் பந்து சரியாகப் பொருந்தாமல் தேய்ந்துகொண்டே போகும். இரண்டு வயதுக்குப் பிறகு எடுக்கும் இடுப்பு எக்ஸ்ரேயில்தான் நம்பகமாகத் தெரியும். 18 மாதத்தில் சட்டம் அனுமதித்தாலும் பெரிய இனங்களுக்கு இரண்டு வயது வரை பொறுக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். “கேசிஐ பேப்பர் இருக்கு” என்பதை ஆரோக்கியச் சான்றிதழ் போலக் காட்டுகிறவர்கள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தப் பத்திரம் வம்சாவளியைச் சொல்வது. அப்பா யார், தாத்தா யார் என்று தெரியும். இடுப்பு எப்படி, கண் எப்படி என்று அதில் இருக்காது. ஆனாலும் அதை வாங்கிப் படியுங்கள், வேறு ஒரு காரணத்துக்காக. இரண்டு நாய்களின் பத்திரத்திலும் ஒரே தாத்தா பெயர் வருகிறதா என்று பார்க்க. அப்பாவும் மகளும் சேர்ந்தாலும், அண்ணனும் தங்கையும் சேர்ந்தாலும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஒளிந்திருக்கும் பழுதுகள் எல்லாம் வெளியே வருவதற்கு அது போதும்.

தொற்றுகளும் உண்டு. புரூசெல்லா என்ற கிருமி இணை சேரும்போது பரவும். சினை கலையும், ஆண் நாய்க்கு மலட்டுத்தன்மை வரும், மனிதர்களுக்கும் தொற்றக்கூடும். ரத்தப் பரிசோதனை இரண்டு பக்கமும் வேண்டும். இணை சேர்க்கையில் பரவுகிற ஒரு வகைப் புற்றுக்கட்டியும் இருக்கிறது. தெருநாய்கள் அதிகம் உள்ள நம் ஊரில் மருத்துவர்கள் அதை அடிக்கடி பார்க்கிறார்கள். உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். எதிர்த்தரப்பு ரிப்போர்ட் காட்டத் தயங்கினால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் ஜாதகம் கேட்க நாம் கூச்சப்படுவதில்லையே.

குணம் என்பதும் கடத்தப்படும். பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய், குழந்தைகளைக் கண்டால் உறுமும் நாய், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் வம்சம் அத்தோடு நிற்பது நல்லது.

மூக்கு சப்பையானால் யாருக்கு அழகு?

2003 வாக்கில் வந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக் நாய் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் நம் நகரங்களில் பக் பெருகியது. சப்பை மூக்கு, பிதுங்கிய கண், கொரகொரவென்ற சத்தம் என்று எல்லாம் ‘க்யூட்’ ஆனது. அந்தக் கொரகொரப்பு மூச்சு விட முடியாத சத்தம். பிரெஞ்சு புல்டாக், புல்டாக் இனங்களில் குட்டியின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பு ஒடுங்கியும் இருப்பதால் பெரும்பாலான பிரசவங்கள் சிசேரியன்தான். இணை சேர்வதற்கே உதவி வேண்டும், பிறப்பதற்கும் கத்தி வேண்டும் என்ற ஓர் உடலை மேலும் பெருக்குவதை ‘பொறுப்பான இனப்பெருக்கம்’ என்று எப்படி அழைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

நாட்டு இனம் என்றால் பிரச்சினையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-இல் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்னதும் தேடல் கூடியது. நல்ல விஷயம். ஆனால் ராஜபாளையத்தில் எல்லோரும் கேட்பது தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த நிறமின்மைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. வெள்ளை இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போனால், காது கேளாத குட்டிகளையும் சேர்த்தே உருவாக்குகிறோம். தாய், தந்தை இரண்டுக்கும் இரண்டு காதும் கேட்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டி ஓடப் பிறந்தவை. அவற்றின் குட்டிகளை இரண்டு படுக்கையறை பிளாட்டுகளுக்குக் கொடுத்து ‘நாட்டு இனத்தைக் காப்பாற்றினேன்’ என்று ஸ்டேட்டஸ் போடுவது வீண். நாட்டு இனத்தைக் காப்பது உங்கள் உண்மையான நோக்கம் என்றால், பல தலைமுறையாக வம்சக் குறிப்பு எழுதி வைத்து வளர்ப்பவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பதிவேடுதான் அந்த வேலையின் முதல் படி.

நாள் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெண் நாய் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். முதல் ரத்தக்கசிவிலிருந்து ஒன்பது நாள் அளவில் ஆணை நெருங்க விடாது. அதற்குப் பின்தான் ஏற்கும். ‘பதினொண்ணு, பதிமூணாம் நாள்’ என்ற வாய்க்கணக்கு எல்லா நாய்க்கும் பொருந்தாது. ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவு பார்த்தால் சரியான நாள் தெரியும். முதல் பருவத்தில் சேர்க்க வேண்டாம்; அவளே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை. தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாவற்றையும் பருவத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். நாலாவது வாரத்தில் ஸ்கேன். 55-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே, எத்தனை குட்டி என்று எண்ணுவதற்கு. அந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று பிரசவ இரவில் புரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சினை என்று தெரிந்ததும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் சொந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். பால் கொடுக்கும் நாட்களில் திடீரெனத் தேவை கூடும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து, நாய் நடுங்கி, கால் விறைத்து, வலிப்பு வரை போகும். நம் வீடுகளில் பொமரேனியன் என்று வளரும் ஸ்பிட்ஸ் போன்ற சின்ன நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அப்படி நடுக்கம் கண்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

அந்த இரவு

நாய்கள் குட்டி போடுவது பெரும்பாலும் இரவில் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உங்களுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் இருக்கும்.

கடைசி வாரத்தில் தினமும் உடல் வெப்பம் பார்க்க வேண்டும். வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருப்பது 99-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் பிரசவம். சாப்பிட மாட்டாள், மூச்சிரைப்பாள், துணியைக் கிழித்துக் குவிப்பாள். அது பல மணி நேரம் நீடிக்கும், பதற வேண்டாம். பதற வேண்டிய நேரங்கள் வேறு. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் திரவம் வந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அரை மணி நேரம் நன்றாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலும், உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரமாக ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் ஏழு, வெளியே வந்தது ஐந்து என்றால் மீதியைத் தேடி ஓட வேண்டும். இதில் எது நடந்தாலும் யூடியூப் பார்க்கிற நேரம் இல்லை அது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குச் சிசேரியன் செய்யும் மருத்துவமனை எங்கே இருக்கிறது? சென்னையில் சில இடங்கள் கிடைக்கும். ஒரு சின்ன ஊரில்? உங்கள் டாக்டர் அந்த நேரத்தில் போன் எடுப்பாரா, எடுக்காவிட்டால் யார், எத்தனை கிலோமீட்டர், எந்த ஆட்டோக்காரர் நாயை ஏற்றுவார்? இணை சேர்ப்பதற்கு முன்பே இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்ட முடியவில்லை என்றால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

செலவும் இங்கேதான் வரும். ‘குட்டி ஒண்ணு இவ்வளவு, இன்டு எட்டு’ என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். பரிசோதனைகள், ஸ்கேன், எக்ஸ்ரே, தாய்க்கு இரண்டு மூன்று மடங்கு தீனி, எட்டுக் குட்டிக்கும் புழு மருந்தும் தடுப்பூசியும், ஒரு அவசர அறுவை சிகிச்சை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவருக்கு இலாபம் நிற்பது கஷ்டம். இலாபம் பார்க்கிறவர்கள் எதையோ வெட்டித்தான் பார்க்கிறார்கள். தாயை இழக்கும் வாய்ப்பும் இருக்கிறது. சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய வாய்ப்பில் பந்தயம் வைக்கப்படுவது உங்கள் செல்லம்.

எட்டு வாரம் யார் லீவு போடுவது?

பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் அதன் இடம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இதமாக இருக்க வேண்டும். ஏசி ஹாலும் ஆகாது, மழைக்கால ஈரத் தரையும் ஆகாது. சமையலறைத் தராசில் தினமும் எடை பார்க்க வேண்டும். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஏறாத குட்டி ஆபத்தில் இருக்கிறது. தாய் ஒதுக்கினாலோ பால் போதாவிட்டாலோ இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவும் சேர்த்து, நீங்கள்தான் புகட்ட வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, நாய்க்குட்டிக்கான பால்மாவு வேண்டும்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வேறு வேலை ஆரம்பம். எட்டுக் குட்டி, எட்டு வாய், எண்ணிக்கையில்லாத மூத்திரம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பார்க்கும், கேட்கும் விஷயங்கள்தான் ஒரு நாயின் குணத்துக்கு அடித்தளம். மிக்ஸி சத்தம், காலிங் பெல், குழந்தைகள், குடை பிடித்த ஆள் எல்லாம் அப்போது பழக வேண்டும். கடித்தால் கடிபட்டவனுக்கு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கும். நாற்பது நாளில் பிரித்து விற்ற குட்டி பெரியவனானதும் ‘சும்மா கடிக்குது’ என்று புகார் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டு வாரம் என்ற விதியின் பின்னால் இருப்பது இதுதான்.

நாலாவது வாரம் போட்டோவில் தெரிகிற குட்டிகள் அழகுதான். போட்டோவில் தெரியாதது மூக்கைப் பொத்தவைக்கும்.

கொடுக்கும்போது

குட்டியை வாங்குபவர் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். நீங்கள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். மொட்டை மாடியிலா கட்டிப் போடுவீர்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், கோபம் வந்தால் அடிப்பீர்களா? தடுப்பூசி அட்டை, புழு மருந்து தேதிகள், தாய் தந்தையின் பரிசோதனை அறிக்கை, சாப்பிட்டுப் பழகிய தீனி கொஞ்சம் எல்லாம் கூடவே போகட்டும். மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி வாங்குபவர் பொறுப்பு என்பதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். மாநகராட்சி உரிமம் பற்றியும் சொல்லுங்கள்; சென்னையில் அது கட்டாயம்.

ஒரு தாளில், “எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் முதலில் எங்களிடம் திருப்பித் தர வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றத்தில் அது எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். மூன்று வருடம் கழித்து அவர்களுக்குக் கல்யாணமோ குழந்தையோ ஆகி, ‘இனி முடியாது’ என்ற இடத்துக்கு வரும்போது, நெடுஞ்சாலைக்குப் பதிலாக உங்கள் எண் ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாள்.

தப்பித்தவறிச் சேர்ந்துவிட்டால்?

திட்டமிட்டு நடப்பதைவிட இதுதான் அதிகம். கேட் திறந்திருந்தது, தெருவில் ஒரு ஆண் நாய், அவ்வளவுதான். இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றுவது, கல்லெறிவது, இழுத்துப் பிரிப்பது வேண்டவே வேண்டாம்; இரண்டுக்கும் உள்காயம் ஏற்படும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் தானே பிரியும். அதுவரை அவள் மிரளாமல் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு அடுத்த நாளே மருத்துவரிடம் போங்கள். மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள், யாரோ சொன்ன நாட்டு மருந்தையும் கொடுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே போனால் வழிகள் அதிகம். குட்டி வேண்டாம் என்ற முடிவு உறுதியானால் கருத்தடை அறுவை சிகிச்சையை அப்போதே செய்துவிடலாமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்; மருந்து மூலம் கலைப்பதா என்பதும் அவர் முடிவு. பருவம் முடியும் வரை, அதாவது இன்னும் இரண்டு வாரமாவது, அவளைச் சங்கிலி இல்லாமல் வெளியே விடாதீர்கள். ஒரே ஈற்றில் இரண்டு அப்பாக்களுக்குக் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடக்கிற விஷயம்தான்.

ரத்தக்கசிவு தொடங்கிய நாளையும் சேர்ந்த நாளையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு தேதிகளைத்தான்.